கிரெடிட் கார்ட் கடனுக்கு லோயர் கடிதம் வந்திருக்கு. உண்மையிலேயே வழக்குப் போடுவார்களா? (களுவாஞ்சிக்குடி)

எழுவான்கரைப் பொடியன்
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2018இல் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தபோது ஒரு வங்கியிலிருந்து ஆட்கள் வந்து, சம்பளச் சிட்டையை வாங்கிக்கொண்டு எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கார்ட் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு லிமிட் 250,000. அடுத்த வருடம் ஈஸ்டர் குண்டு, அதற்கடுத்த வருடம் கொரோனா. ஹோட்டல் திறக்கும், மூடும். சம்பளம் பாதிதான். அம்மாவின் கண் ஒப்பரேஷன், மருந்து, வீட்டுச் சாமான் எல்லாம் கார்டிலேயே ஓடியது. குறைந்தபட்சத் தொகையை 2022 மார்ச் வரை கட்டினேன். அந்த வருடம் வட்டி ஏறியது, ஹோட்டலும் ஆட்களை நிற்பாட்டியது. அதோடு கட்டுவதும் நின்றது.

இப்போது களுவாஞ்சிக்குடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கைக்கு 65,000 வரும்.

போன கிழமை பதிவுத் தபாலில் ஒரு காக்கி உறை. உள்ளே முழுக்க ஆங்கிலம். கொழும்பு 12இல் இருக்கும் ஒரு சட்டத்தரணி, வங்கியின் அறிவுறுத்தலின்படி எழுதுகிறாராம். 612,418 ரூபாய் 37 சதம், அதற்கு மேல் வட்டி, 14 நாட்களுக்குள் கட்டு, இல்லாவிட்டால் வேறு அறிவித்தல் இல்லாமல் வழக்கு. கடிதத்தில் போட்ட திகதிக்கும் என் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் பாதி நாள் போய்விட்டது.

இதற்கு முன்பிருந்தே போனில் தொல்லை. எனக்கு எடுத்தால் பரவாயில்லை, அம்மாவுக்கு எடுத்து "உங்கட மகனைத் தேடி பொலிஸ் வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கடை முதலாளிக்கும் ஒரு தடவை எடுத்தார்கள். வீடு தங்கச்சிக்கு எழுதியது. என் பெயரில் இருப்பது வெல்லாவெளிப் பக்கம் அப்பா தந்த ஒன்றரை ஏக்கர் வயல் மட்டும்.

உள்ளே போடுவார்களா? வீட்டைப் பிடிப்பார்களா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா ஒருவன்
வெள்ளி, இரவு 10.05

மச்சான், பயப்படாத. எனக்கும் இப்பிடி மூன்று கடிதம் வந்தது, ஒண்டும் நடக்கல்ல. கொழும்பில இருந்து மட்டக்களப்புக்கு வந்து வழக்குப் பேச அவனுக்கு விசரா? நம்பரை மாத்து. மூன்று வருடம் தாண்டினால் கடன் காலாவதி. உனக்கு ஏற்கனவே தாண்டிட்டுது. கட்டாத.

படுவான்கரை அக்கா
வெள்ளி, இரவு 10.31

தம்பி, முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள், கார்டில் அவர் கையெழுத்து இல்லை என்றால் அவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்று. வயது போன ஆட்களைப் பயமுறுத்துவதுதான் இவர்களுக்கு லேசான வேலை. தங்கச்சியின் வீடும் உங்களுடைய சொத்து இல்லை. கார்ட் எடுக்க முதலே எழுதியதா, பிறகா?

எழுவான்கரைப் பொடியன்
வெள்ளி, இரவு 10.38

2015இல் எழுதியது அக்கா, தங்கச்சியின் கல்யாணத்துக்கு முதல். நம்மட பக்கத்து வழக்கம்தானே, வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு.

பழைய காசாளர்
சனி, காலை 6.15

முப்பது வருடத்துக்குக் கிட்ட வங்கியில் இருந்துவிட்டு ஓய்வெடுத்தவன் நான். கடைசிக் காலத்தில் அறவீட்டுப் பிரிவிலும் இருந்தேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

கார்ட் கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. அது சிவில் விவகாரம். பொலிஸ் அதற்காக உங்களைப் பிடிக்க வராது. இன்னொருவரின் கார்டைத் திருடியோ, போலிக் கார்ட் செய்தோ பாவித்தால்தான் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் வரும். உங்கள் கதை அது இல்லை. "பொலிஸ் வரும்" என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் வங்கியின் ஆளே இல்லை. கடன் வசூலிக்கும் கம்பனி ஒன்றில் கொமிஷனுக்கு வேலை செய்பவர்.

வீட்டை ஏலம் விடும் பயத்துக்கு வருவோம். வழக்கில்லாமலே வங்கி ஏலம் போடும் 'பராட்டே' என்பது நீங்கள் ஈடு எழுதிக் கொடுத்த சொத்துக்குத்தான். கார்டுக்கு ஈடு இல்லை. எனவே தீர்ப்பு ஒன்று எடுக்காமல் உங்கள் வயலையோ சாமானையோ யாரும் தொட முடியாது. தீர்ப்பு எடுத்த பிறகு வயலைத் தொடலாம். அதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

சும்மா ஒருவன் தம்பி சொன்ன மூன்று வருடக் கணக்கு பிழை. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம். வாய்ப் பேச்சில் எடுத்த கடனுக்குத்தான் மூன்று. கார்ட் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்தானே? கடைசியாகக் கட்டியது 2022 மார்ச் என்றால் 2028 வரை வங்கிக்கு நேரம் இருக்கிறது. இடையில் ஒரு ஆயிரம் ரூபாய் கட்டினாலோ, கடனை ஏற்று எழுதிக் கொடுத்தாலோ எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கடிதம் வந்த எல்லோருக்கும் வழக்கு வருவதில்லை, அது உண்மை. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் அனுப்புவார்கள். பிறகு கோவைகளைப் பிரிப்பார்கள். தொகை எவ்வளவு, ஆளுக்கு நிரந்தர வேலை உண்டா, காணி உண்டா, கடிதத்துக்குப் பதில் வந்ததா? ஆறு லட்சம், வேலை உண்டு, வயல் உண்டு, பதில் இல்லை என்றால் அது வழக்குக்குப் போகும் அடுக்கில்தான் விழும்.

உங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது? அதே வங்கி என்றால் திங்கட்கிழமையே வேறு வங்கிக்கு மாற்றுங்கள். கணக்கிலிருந்து கடனுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கார்ட் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

புதுக்கடை வாசல்
சனி, காலை 8.50

காசாளர் ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். சொந்த இடம் அக்கரைப்பற்று, கொழும்பில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருக்கிறேன். இந்த வழக்குக் கோவைகளைத் தினமும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

"கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வருவானா" என்று ஒருவர் கேட்டார். வரமாட்டான். நீங்கள்தான் இரவு ரயில் ஏறி, நீதிமன்றங்கள் இருக்கும் கொழும்பு 12 புதுக்கடைக்கு வர வேண்டியிருக்கும். கார்ட் ஒப்பந்தம் தலைமைக் காரியாலயத்தில் முடிந்தது என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில்தான் அதிகம் போடுகிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம், பயணச் செலவு, லோயருக்குக் காசு.

வங்கிகள் பெரும்பாலும் சாதாரண வழக்குப் போடுவதில்லை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் என்று ஒன்று உண்டு, 1994இல் திருத்தியது. 150,000 ரூபாய்க்கு மேற்பட்ட கடன் என்றால் அதன் கீழ் போடலாம். சாதாரண வழக்கில் அழைப்பாணை வரும், நீங்கள் மறுமொழி போடுவீர்கள், விளக்கம் (விசாரணை) நடக்கும், வருடக்கணக்கில் இழுபடும். இதில் அப்படி இல்லை. வங்கி ஒரு சத்தியக் கடதாசியோடு ஒப்பந்தத்தையும் கணக்கையும் கொடுத்தால், நீதிமன்றம் ஆரம்பத்திலேயே 'டிகிரி நைசை' என்ற ஒரு கட்டளையைப் போட்டுவிடும். காசைக் கட்டு, அல்லது இந்தத் திகதிக்கு வந்து ஏன் கட்டத் தேவையில்லை என்று காரணம் காட்டு என்பதுதான் அதன் சாரம்.

அங்கே போய் "கொரோனா, வேலை போச்சு" என்று சொன்னால் நீதிபதி அனுதாபப்படலாம், ஆனால் அது எதிர்வாதம் இல்லை. எதிர்த்துப் பேசவே நீதிமன்றத்தின் அனுமதி எடுக்க வேண்டும். சத்தியக் கடதாசியில் உண்மையான தகராறு ஒன்றைக் காட்ட வேண்டும். கணக்குப் பிழை, கட்டிய காசைக் கழிக்கவில்லை, கையெழுத்து என்னுடையது இல்லை, இப்படி ஏதாவது. இல்லாவிட்டால் கேட்ட தொகையை வைப்பிலிடு, அல்லது பிணை கொடு என்பார்கள். அவ்வளவு காசு கையில் இருந்தால் நீங்கள் ஏன் இங்கே வந்து எழுதப் போகிறீர்கள்!

ஆகவே உங்களுக்குப் பேரம் பேசும் பலம் இருப்பது வழக்குப் போடுவதற்கு முதல். இந்தக் கிழமைகள்தான்.

இன்னும் ஒன்று, எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்தது. ஒருவர் கட்டாரில். வீட்டுக்கு வந்த நீதிமன்றக் கடதாசியைத் தம்பி வாங்கி, நானா வரட்டும் என்று பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டார். திகதி போனது, கட்டளை முற்றாக்கப்பட்டது, அதாவது இறுதியாகிவிட்டது. பிறகு தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற ஆளான பிஸ்கால் உத்தியோகத்தர் சொத்துப் பதிய வந்தபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. லோயர் கடிதத்துக்கு மறுமொழி போடாவிட்டாலும் மன்னிப்புண்டு. நீதிமன்ற முத்திரை உள்ள கடதாசிக்கு இல்லை.

சும்மா ஒருவன்
சனி, காலை 9.20

சரி சரி, ஆறு வருடம் எண்டு வைப்பம். அப்ப வயலை மாமாவின்ட பெயருக்கு மாத்திவிடு. பெயரில ஒண்டும் இல்லாட்டி எதைப் பிடிக்கிறது?

புதுக்கடை வாசல்
சனி, காலை 9.34

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடன் தந்தவனை ஏமாற்ற எழுதிய உறுதி என்று காட்டி அதை ரத்துச் செய்யவே தனி வழக்கு உண்டு, 'போலியன் வழக்கு' என்பார்கள். லோயர் கடிதம் கையில் கிடைத்த பிறகு, காசு கைமாறாமல் மாமாவுக்கு எழுதிய உறுதி அதில் நிற்காது. பிறகு மாமாவும் பிரதிவாதி. தங்கச்சியின் வீடு வேறு. கார்ட் எடுக்க மூன்று வருடம் முதலே சீதனமாகப் போனதை இந்தக் கடனோடு கோர்க்க முடியாது.

தீர்ப்பு வந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. உடுப்பு, படுக்கை, தொழில் செய்யத் தேவையான கருவிகள் இவற்றைப் பிடிக்கக் கூடாது என்று சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு சொல்கிறது. வயல் அந்தப் பாதுகாப்பில் இல்லை.

மருதமுனைக் காக்கா
சனி, பகல் 1.10

தம்பிமாரே, நான் புடவை வியாபாரி. கொஞ்சக் காலம் இணக்கசபையிலும் இருந்தவன். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

சின்னத் தொகைகளை வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் முதலில் இந்த இணக்கசபைக்கு, அதாவது மத்தியஸ்த சபைக்குத்தான் அனுப்பும். சனி, ஞாயிறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவோம். பிள்ளைகளின் வாங்கில் பெரிய மனிதர்கள் முழங்கால் இடிபட உட்கார்ந்திருப்பார்கள். கம்பனி ஆள் ஒரு கட்டுக் கோவையோடு வருவார், அன்றைக்கு மட்டும் அவருக்கு இருபது பேர் காத்திருப்பார்கள். லோயர் வந்து பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். நான் கண்டது என்னவென்றால், "மாதம் இவ்வளவு முடியும், இந்தாங்க என் சம்பளச் சிட்டை" என்று கடதாசியோடு வந்தவனுக்கு அந்த ஆளே இறங்கி வருவார். சத்தம் போட்டவனுக்கு இணக்கம் இல்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்புவோம், அதை எடுத்துக்கொண்டு அவர்கள் நேரே நீதிமன்றம் போவார்கள். உங்கள் தொகைக்கு இணக்கசபைக்கு வருமோ தெரியாது. ஆனால் பேரம் எங்கே நடந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது காசோலை. வசூலுக்கு வருகிறவன் "திகதி போட்டு ஆறு செக் தாங்க, வழக்கை நிற்பாட்டுறன்" என்பான். என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அப்படிக் கொடுத்தார். இரண்டாவது செக் திரும்பியது. அதுவரை கடனாளியாக இருந்தவர் நீதவான் நீதிமன்றத்தில் எதிரியாகக் கூண்டில் நின்றார். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை கொடுப்பது அதே 1990 சட்டத்தின் 25ஆம் பிரிவில் சிறைக்குப் போகக்கூடிய குற்றம். கார்ட் கடனுக்கு உங்களை உள்ளே போட முடியாது, செக்கைக் கொடுத்தால் போடலாம். யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், வெறும் செக்கில் கையெழுத்து வைத்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

எழுவான்கரைப் பொடியன்
சனி, மாலை 6.45

எல்லோருக்கும் பெரிய நன்றி. நேற்றிரவு தூக்கமே இல்லை, இப்போது கொஞ்சம் மூச்சு வந்தது. சம்பளம் வேறு வங்கியில்தான் விழுகிறது, அது நல்லது.

செக் விஷயம் சரியாக நேரத்துக்கு வந்தது காக்கா. நேற்றே ஒருவர் போனில் கேட்டார், "செக் புக் இருக்கா" என்று. இல்லை என்றதும் "அம்மாவின் பெயரில் இருக்கா" என்கிறார்!

இப்போது என்ன கேட்பது, யாரிடம் கேட்பது? அம்மா தங்கச்சியின் நகையை ஈடு வைத்துக் கட்டுவோம் என்று நிற்கிறார்.

படுவான்கரை அக்கா
சனி, இரவு 7.30

நகையைப் பற்றி நான் சொல்கிறேன். ஈட்டு வட்டி கார்ட் வட்டியை விடக் குறைவு, அது கணக்கு. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி வட்டிக்கு உச்சம் போட்டபோதே நகை அடகுக்கு 18 வீதம், கார்டுக்கு 28 வீதம் என்றுதான் போட்டது. ஆகவே ஈடு வைத்து ஒரே தடவையில் முடிப்பது புத்திதான் என்பேன், ஒரு பெரிய தள்ளுபடி எழுத்தில் கிடைத்தால். தள்ளுபடி இல்லாமல் ஆறு லட்சத்துக்கு நகையை வைப்பது மடைத்தனம்.

திருக்கோவில் தங்கை
சனி, இரவு 8.02

அக்கா, மன்னிக்க வேண்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நகை யாருடையது? தங்கச்சியுடையது. அவவின் புருசன் வீட்டில் இது தெரிந்தால் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். கார்ட் கடனுக்கு ஈடு இல்லை, அண்ணனின் தலையோடு நிற்கிறது. நகையை வைத்த அன்றிலிருந்து அது தங்கச்சியின் கழுத்தோடு நிற்கும். மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன நகைகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். நுண்கடனிலும் இதுதான் நடந்தது. ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்தோம், கடைசியில் கழுத்தும் காதும் வெறுமை. கடன் எடுத்த ஆளின் சம்பளத்துக்குள் அடங்கும் தவணையைக் கேட்பதுதான் சரி.

படுவான்கரை அக்கா
சனி, இரவு 8.15

நகை தங்கச்சியுடையது என்பதை நான் யோசிக்கவில்லை என்று நினைக்கிறீர்களா? அவவைக் கேட்டுத்தானே செய்வது. சரி, அவர்கள் குடும்பம் முடிவெடுக்கட்டும்.

பழைய காசாளர்
சனி, இரவு 9.00

தங்கையின் பக்கம்தான் நானும். பெரிய தள்ளுபடி பெரும்பாலும் ஒரே தடவையில் கட்டுபவருக்குத்தான் கிடைக்கும், அக்கா சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் தவணைக்கும் தள்ளுபடி கேட்கலாம். கேட்காமல் யாரும் தருவதில்லை.

பேச வேண்டியது வசூல் கம்பனியோடு இல்லை, வங்கியின் அறவீட்டுப் பிரிவோடு. அந்தச் சட்டத்தரணிக்கும் ஒரு பிரதி. முதல் கடிதத்தில் காசைப் பற்றிப் பேசவே வேண்டாம். கார்ட் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு விபரம் முழுவதையும் கேளுங்கள்: பாவித்த முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பிந்திய கட்டணம், லிமிட் தாண்டிய கட்டணம், வருடக் கட்டணம். தமிழில் வேண்டும் என்றும் கேளுங்கள். 250,000 லிமிட்டில் தொடங்கியது 612,000 ஆனது எப்படி என்று வரிவரியாகப் பார்த்தால்தான் எதை வெட்டச் சொல்வது என்று தெரியும். கார்டை நிறுத்திய பிறகும் வருடக் கட்டணம் போட்டுக்கொண்டே போன கணக்குகளை நானே திருத்தியிருக்கிறேன்.

கடிதத்தை ஒரு சட்டத்தரணி மூலம் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று போட்டு எழுதுவது நல்லது. உங்களுக்கு 2028 வரை கிடப்பதால், கடனை ஏற்று எழுதினால் காலம் மறுபடி தொடங்குமே என்ற கவலை பெரிதில்லை. ஆனால் ஐந்தே முக்கால் வருடம் கடந்த ஒருவர் இதை வாசித்தால், அவர் ஒரு சதம் கட்ட முதல் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. வருமானம் பார்த்துத்தான் வழக்குக்கு ஆள் தருவார்கள், ஆலோசனை கேட்கப் போகலாம்.

போன் தொல்லைக்கு: எடுத்த நேரம், இலக்கம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், 1935க்கு எடுக்கலாம். 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வசூல் ஆட்களின் நடத்தைக்கும் வங்கியைத்தான் பொறுப்பாக்குகின்றன. வங்கிகள் மீதான முறைப்பாடுகளைப் பார்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் இலவசமாக முறையிடலாம், ஆனால் வழக்குத் தாக்கலான பிறகு அவர் எடுக்கமாட்டார். கடன் இல்லை என்று இவர்கள் யாரும் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்குப் போன் வருவது நிற்கும், அது போதும்.

எழுவான்கரைப் பொடியன்
மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, பகல் 11.20

புதினம் சொல்ல வந்தேன்.

மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணி மூலம் பதில் போனது. வங்கிக்கு ஒன்று, கடிதம் அனுப்பிய கொழும்புச் சட்டத்தரணிக்கு ஒன்று. முறைப்பாட்டுப் பிரிவுக்கு நானே கொப்பியைப் பார்த்துத் திகதி, நேரம் எல்லாம் போட்டு ஈமெயில் அனுப்பினேன். கடை முதலாளிக்கு எடுத்ததையும் எழுதினேன். அந்தக் கிழமையே அம்மாவின் போன் அமைதி. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, "விடயம் உரிய பிரிவுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி.

கணக்கு விபரம் வந்தது, பதினைந்துக்கு மேற்பட்ட பக்கம். பாவித்த முதல் 248,000 சொச்சம்தான். மிச்சம் எல்லாம் வட்டியும் கட்டணமும். 2022 கடைசியில் கார்ட் நிறுத்தப்பட்டது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் இரண்டு வருடக் கட்டணம். பிந்திய கட்டணத்துக்கும் வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி. காசாளர் ஐயா சொன்னது அப்படியே.

அறவீட்டுப் பிரிவில் ஒருவர் தமிழில் கதைத்தார், மரியாதையான ஆள். முதலில் 480,000 ஒரே தடவையில் என்றார். நான் 300,000 என்றேன். சம்பளச் சிட்டை, அம்மாவின் கிளினிக் அட்டை, ஹோட்டல் தந்த வேலைநீக்கக் கடிதம் எல்லாம் அனுப்பினேன். வயலைப் பற்றியும் கேட்டார், இருக்கிறது என்றேன், மறைக்கவில்லை. இப்போது கடைசியாக நிற்பது 340,000. முதலில் 100,000, பிறகு மாதம் 20,000 படி 12 மாதம், அந்தக் காலத்துக்கு மேலதிக வட்டி இல்லை. 100,000க்கு முதலாளி சம்பள முற்பணமாகக் கொஞ்சம் தருகிறார், பெரும்போக அறுவடையில் குத்தகைக் காசு வரும். நகையைத் தொடவில்லை.

சரி என்று சொல்லலாமா?

புதுக்கடை வாசல்
ஞாயிறு, பகல் 12.05

நல்ல முடிவு. போனில் சரி என்று சொல்லி, காசையும் கட்டிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கடிதம் முதலில். வங்கியின் தலைப்புத் தாளில், கார்டின் கடைசி நான்கு இலக்கத்தோடு, 340,000 கட்டி முடித்தால் முழுக் கடனும் தீரும் என்று இருக்க வேண்டும். "முழுமையான, இறுதித் தீர்வு" என்ற கருத்து அதில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். ஒரு தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்ற வரியைக் கவனமாக வாசியுங்கள். "சலுகை ரத்தாகும், முழுத் தொகையும் அறவிடப்படும்" என்று கட்டாயம் இருக்கும். பத்து நாளாவது அவகாசம் கேளுங்கள்.

வழக்குப் போட்ட பிறகு இதே இணக்கத்துக்கு வந்திருந்தால் அதை நீதிமன்றத்தில் பதிவார்கள், தவறினால் நேரே நிறைவேற்றுக் கட்டளைதான். நீங்கள் அதற்கு முதலே முடிக்கிறீர்கள்.

பழைய காசாளர்
ஞாயிறு, மாலை 4.40

20,000 என்பது 65,000 சம்பளத்தில் இறுக்கம். 15,000 படி 16 மாதம் கேட்டுப் பாருங்கள், தொகை ஒன்றுதான், வங்கிக்கு நாலு மாதம் ஒரு பொருட்டில்லை. அறுவடைக் காசு வந்தால் முன்கூட்டிக் கட்டலாம் என்றும் போடச் சொல்லுங்கள்.

காசைக் கார்ட் கணக்குக்கே வங்கிக் கிளையில் கட்டுங்கள், வசூல் ஆளின் கையில் இல்லை. துண்டுகளைப் படம் எடுத்து வையுங்கள், அந்த மெல்லிய தாளில் எழுத்து ஒரு வருடத்தில் மறைந்துவிடும். முடிந்ததும் கடன் நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். பிறகு கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கிரிப்பில் பெயர் உடனே வெள்ளையாகாது, பிந்திக் கட்டிய வரலாறு கொஞ்சக் காலம் நிற்கும். நிலுவை பூச்சியம் என்று வந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். வராவிட்டால் திருத்த வேண்டியது வங்கி, கிரிப் தானாக மாற்றாது.

சும்மா ஒருவன்
ஞாயிறு, இரவு 7.15

612 இல இருந்து 340 ஆ! நான் கட்டாம இருந்து என்னத்தைக் கண்டன் எண்டு யோசிக்கிறன். காசாளர் ஐயா, எனக்கு கடைசியா கட்டினது 2020 ஜனவரி. அப்ப நான் என்ன செய்யிறது?

பழைய காசாளர்
ஞாயிறு, இரவு 7.40

ஆறு வருடக் கோட்டுக்குக் கிட்ட நிற்கிறீர்கள் தம்பி. இங்கே இனி ஒரு வரியும் எழுதாமல், வங்கிக்கும் எழுதாமல், ஒரு சதமும் கட்டாமல், அந்த மூன்று கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். இடையில் வேறு எதிலாவது கையெழுத்து வைத்தீர்களா என்று அவர் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள்.

எழுவான்கரைப் பொடியன்
வியாழன், இரவு 8.55

கடிதம் வந்துவிட்டது. 15,000 படி 16 மாதம், ஏழு நாள் அவகாசம். பத்து தரவில்லை. "முழுமையான, இறுதித் தீர்வு" இருக்கிறது, புதுக்கடை அண்ணன் சொன்னபடி கடைசி நான்கு இலக்கமும் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் காசைக் கட்டுகிறேன்.

வாழைச்சேனை மீனவன்
வெள்ளி, காலை 7.10

முழுக்க வாசித்தேன். என்னுடையது கார்ட் இல்லை, படகு எஞ்சினுக்கு எடுத்த லீசிங். இரண்டு தவணை பிந்தி இருக்கு, எஞ்சினைத் தூக்க வருவதாகச் சொல்கிறார்கள். இதே சட்டம்தானா?

நெறியாளர்
வெள்ளி, காலை 8.00

இல்லை, லீசிங்கில் தவணை முடியும் வரை எஞ்சின் கம்பனிக்குச் சொந்தமானது, சட்டமும் வேறு. தயவுசெய்து புதிய இழை ஒன்று தொடங்குங்கள், ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் இலக்கங்களையும் மறைத்துவிட்டுப் படம் போட்டால் ஆட்கள் வாசித்துச் சொல்வார்கள்.